பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

சின்னக் குழந்தைகள் லெகோ போன்ற பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துக் காட்டுயிர் மீட்பு விளையாட்டு விளையாடுவதைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சிங்கக்குட்டி பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஜீப் வரும். பாறையைப் பிரித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், மருத்துவரிடம் இறக்க வேண்டும், குணமானதும் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அடுத்த நிமிடமே அதே குட்டி அதே பாறையில் மறுபடியும் மாட்டும். வீடு கட்டும் பெட்டி, கோட்டை கட்டும் பெட்டி என்றால் கட்டி முடித்ததும் அலமாரியில் வைத்துவிடலாம். மீட்புப் பெட்டியில் கட்டுவது பாதி வேலைதான். கழற்றுவதில்தான் கதையே நடக்கிறது.

அதனால் இந்தப் பெட்டியின் கட்டைகளுக்குச் சங்கடமான ஒரு வேலை வந்து சேர்கிறது. ஜீப்பைத் தரையில் தள்ளி ஓட்டும்போது மேலே நிற்கும் சிங்கம் விழக் கூடாது. அதே சிங்கத்தை ஐந்து வயதுக் கை இழுத்தால் உடனே வர வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தால் வண்டி வழியிலேயே சிதறும். கொஞ்சம் இறுகினால் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான இடத்தில் கட்டையை எப்படி நிறுத்தினார்கள் என்பதை லெகோ கட்டையை வைத்தே பார்க்கலாம். லெகோ சிட்டி வரிசையில் 2021-இல் காட்டுயிர் மீட்புப் பெட்டிகள் வந்தன. ஆனால் அவற்றின் பிடிமானத்துக்குப் பின்னாலிருக்கும் கதை அதைவிட வெகு பழையது.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய நிறுவனம்தான் லெகோ. முதலில் மரப்பொம்மைகள் செய்தார்கள். 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. பிரிட்டனில் விற்ற கிட்டிகிராஃப்ட் கட்டைகளை முன்மாதிரியாக வைத்து அவற்றைச் செய்தார்கள். மேலே குமிழ்கள், கீழே நான்கு சுவர்கள், உள்ளே வெறும் காலியிடம். மேல் கட்டையின் சுவர்கள் மட்டுமே கீழ்க் கட்டையின் குமிழ்களை உரசி நின்றன. நேராக அடுக்கினால் நின்றது. பாதி நகர்த்தி வைத்தால் ஆடியது, கவிழ்ந்தது. காலியாகக் கிடந்த அந்த நடுப்பகுதியில் குழாய்களை வைக்கும் யோசனைக்கு ஓலேயின் மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

இந்தக் குழாயின் அளவை யார் வேண்டுமானாலும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்தடுத்த இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. ஒரு குமிழின் விட்டம் 4.8 மி.மீ. சதுரமாக நிற்கும் நான்கு குமிழ்களில் எதிரெதிர் மூலையில் இருப்பவற்றின் மையங்களுக்கு இடையே, பித்தாகரஸ் தேற்றப்படி, 11.31 மி.மீ. அதில் இரு முனையிலும் அரைக் குமிழைக் கழித்தால் மிஞ்சுவது 6.51 மி.மீ. குழாயின் வெளிவிட்டமும் அதுதான். ஆக, ஒரு குழாய் நடுவில் இறங்கினால் நான்கு குமிழ்களையும் ஒரே நேரத்தில் தொட்டு நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்றின் மேல் அதே போன்ற இன்னொன்றை முழுதாகப் பொருத்துங்கள். மூலைக் குமிழை இரண்டு சுவர்களும் ஒரு குழாயும் தொடும். நடுக் குமிழை ஒரு சுவரும் இரண்டு குழாய்களும் தொடும். எந்தக் குமிழை எடுத்தாலும் மூன்று புள்ளிகளில் பிடி. மூன்று பக்கமிருந்து பிடித்த வட்டம் எந்தப் பக்கமும் நழுவ முடியாது. பசையும் இல்லை, கொக்கியும் இல்லை.

சரி, வெறுமனே தொட்டால் பிடித்துவிடுமா? பிடிக்காது. குமிழ் உள்ளே நுழையும்போது சுவரும் குழாயும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து இடம் கொடுக்கின்றன. வளைந்த பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்ப விடாமல் குமிழ் குறுக்கே நிற்பதால் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் நாம் உணரும் பிடிமானம். வளைவு அவ்வளவு சிறியது என்பதால் அளவில் சிறு பிசகு வந்தாலும் பிடி தளர்ந்துவிடும் அல்லது இறுகிவிடும். அச்சுகளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற துல்லியத்தில் செய்வது இதனால்தான். 1958-இன் கட்டை இன்றைய கட்டையோடு பொருந்துவதும் இதனால்தான்.

ஆனால் வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. தொடக்கத்தில் பயன்படுத்திய செல்லுலோஸ் அசிடேட் நாளாக ஆக நெளிந்தது, பிடியும் போனது. 1963-இல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது அது. ஸ்டைரீன் விறைப்பும் பளபளப்பும் தருகிறது. அக்ரிலோநைட்ரைல் வெப்பத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்க உதவுகிறது. பியூட்டாடையீன் நுண்ணிய ரப்பர் துகள்களாக உள்ளே பரவிக் கிடக்கிறது. கட்டை கீழே விழுந்து விரிசல் கிளம்பினால் இந்தத் துகள்களைச் சுற்றி எண்ணற்ற மிக நுண்ணிய கீறல்கள் உண்டாகி, மோதலின் ஆற்றலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரிய விரிசல் ஒன்று ஓடி முடிப்பதற்கு ஆற்றல் மிஞ்சுவதில்லை. மெல்லிய ஒரு பாகத்தை வளைத்தால் வளைந்த இடம் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த நுண்கீறல்களில் ஒளி சிதறுவதுதான் அது.

வெயிலில் போட்டால் வெள்ளைக் கட்டை மஞ்சளாவதற்கும் அதே பியூட்டாடையீன்தான் காரணம். புற ஊதாக் கதிர் பட்டால் அது எளிதில் ஆக்சிஜனோடு சேர்கிறது. கொதிநீரில் கழுவுவதும் கூடாது. 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை நம்பி நிற்கும் பொருளுக்குச் சூடு நல்லதல்ல.

இப்போது கழற்றும் பக்கத்துக்கு வருவோம். எட்டுக் குமிழ்களின் பிடியையும் நேராக மேலே இழுத்து விடுவிக்க வேண்டுமென்றால் பெரியவர்களுக்கே விரல் நோகும். குழந்தைகள் யாரும் சொல்லித் தராமலே அப்படி இழுப்பதை விட்டுவிட்டு, கட்டையைப் பக்கவாட்டில் சாய்க்கிறார்கள். இறுகிய எவர்சில்வர் டப்பா மூடியைக் கரண்டிக் காம்பால் ஒரு ஓரத்தில் நெம்புகிறோமே, அதே உத்தி. சாய்க்கும்போது கட்டையே நெம்புகோல் ஆகிறது. ஓரத்துக் குமிழ்கள் முதலில் விடுபடும், பிறகு அடுத்தவை. மொத்தப் பிடியையும் ஒரே அடியில் வெல்லாமல் தவணை தவணையாக வெல்கிறோம். ஓட்டத்தின் அதிர்ச்சி பல குமிழ்களில் பரவுவதால் வண்டி தாங்குகிறது. குழந்தையின் கை ஓர் ஓரத்தில் குவிவதால் ஜெயிக்கிறது. நான் முதலில் சொன்ன குறுகலான இடம் உண்மையில் இங்கேதான் அகலமாகிறது.

இன்னும் சின்னக் குழந்தைகளுக்காக 1969-இல் லெகோவின் டூப்ளோ கட்டை வந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கு. கன அளவு எட்டு மடங்கு. இந்தப் பெருக்கம் தொண்டைக்கும் பாதுகாப்பு. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதன் அடி சரிவானது. ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. எந்தப் பாகம் அதற்குள் முழுதாக அடங்குகிறதோ அது மூச்சை அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். சாதாரண எட்டுக் குமிழ்க் கட்டை எளிதாக உள்ளே போய்விடும். டூப்ளோவின் நான்கு குமிழ்க் கட்டை 31.8 மி.மீ. சதுரம், 19.2 மி.மீ. உயரம், எப்படித் திருப்பினாலும் நுழையாது. சிட்டி வரிசை மீட்புப் பெட்டிகளில் பாம்பு, பறவை போன்ற குட்டிப் பாகங்கள் உண்டு. மூத்த குழந்தைக்கு வாங்கியது தவழும் தம்பி கையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; மலிவாகக் கிடைக்கும் போலிக் கட்டைகளை எடுக்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது.

டூப்ளோவிலிருந்து சின்னக் கட்டைக்கு மாறும் வயதில் பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்பதும் நல்ல ஏற்பாடு. டூப்ளோ குமிழின் நடு திறந்திருக்கும். சின்னக் கட்டையின் அடிக்குழாய் அந்தத் திறப்புக்குள் இறங்கிப் பொருந்தும்.

விலங்குகளை மட்டும் பெரும்பாலும் கட்டைகளால் கட்டுவதில்லை. தனி அச்சில் உருவாக வார்க்கிறார்கள். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். பாறை பிரியலாம், கூண்டு பிரியலாம், காப்பாற்றப்படும் குட்டி கையில் துண்டு துண்டாக வரக் கூடாது. அதன் பாதத்தில் குமிழுக்கு ஏற்ற குழி இருக்கும். ஒரே குமிழில் நிற்கும் உருவம் சுழலும். இரண்டில் நின்றால் திரும்பாது. வண்டியில் சிங்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

பெட்டியில் வரும் ஹெலிகாப்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் கற்பனை இல்லை. ஆப்பிரிக்காவில் சாலையில்லாத இடங்களிலிருந்து கறுப்புக் காண்டாமிருகங்களை மயக்கி, நான்கு கால்களையும் கட்டி, ஹெலிகாப்டருக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறார்கள். குடலின் எடை உதரவிதானத்தை அழுத்தி மூச்சைத் தடுக்குமோ என்ற கவலை இருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நமீபியாவில் 12 காண்டாமிருகங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டும், பக்கவாட்டில் படுக்கவைத்தும் அளந்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். படுத்திருந்ததைவிடத் தலைகீழாகத் தொங்கியபோது இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அங்கேயும் விடுவிப்பது வேலையின் ஒரு பகுதி: இறக்கிய பிறகு மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினால் மயக்கம் கலைந்து விலங்கு சில நிமிடங்களில் எழுந்துவிடும். எனவே உங்கள் வீட்டுக் குழந்தை காண்டாமிருகத்தின் காலில் நூலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கினால், அப்படித் தூக்கக் கூடாது என்று திருத்தப் போகாதீர்கள்.