காது பழகாது

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்னு சொல்லிட்டேன் மாஸ்டர்."

ஏழாம் வகுப்பில் சைட் டிரம் வாசிக்கும் ஒரு பையனின் அப்பா போன வாரம் என்னிடம் சொன்னது. ராத்திரி படுத்தால் காதுக்குள் 'கீ' என்று விடாமல் கேட்கிறது என்று பையன் ரொம்ப நாளாகச் சொல்கிறானாம். அப்பாவும் அதே அளவு நாளாக "பழகிடும்" என்கிறாராம்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேண்ட் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. 11 முதல் 14 வயது. இந்த வசனத்தை வருஷா வருஷம் யாராவது வந்து சொல்லிவிடுகிறார்கள். பெற்றோர் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சக மாஸ்டர்களே சொல்கிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். காது பழகாது. பழகிவிட்டது என்று தோன்றினால் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான்.

சைட் டிரம் வாசிக்கிறவன் கையைப் பாருங்கள். குச்சி பிடிக்கும் இடத்தில் முதலில் கொப்புளம் வரும். அப்புறம் தோல் தடித்துக் காய்ப்பு விழும், அதற்கப்புறம் வலிக்காது. காதிலும் அப்படி ஒரு காய்ப்பு விழும் என்றுதான் எல்லாரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோல் திரும்ப வளரும். உள்காதில் சத்தத்தை வாங்கும் மயிர்ச்செல்கள் வளராது. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000, பிறக்கும்போது வந்ததுதான், ஆயுசுக்கும் அவ்வளவுதான். கோழிக்குஞ்சுக்கு அவை அழிந்தாலும் மறுபடி முளைக்கும் என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். உங்கள் பிள்ளைக்கு முளைக்காது.

"முதல் வாரம் சத்தம் தாங்கலைன்னு அழுதவன், இப்போ ஒண்ணுமே சொல்றதில்லையே" என்பார்கள். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். மனசு அந்தச் சத்தத்தைக் கண்டுகொள்வதை விட்டிருக்கும். அப்போதும் காதில் விழும் அடி முதல் நாள் விழுந்த அதே அடிதான், ஒரு டெசிபல்கூடக் குறையாது. இல்லையென்றால் காது நிஜமாகவே மந்தமாகியிருக்கும், அதனால் தொந்தரவு தெரியவில்லை. இந்த இரண்டில் எதைப் பழக்கம் என்று சொல்லி நிம்மதி அடைகிறீர்கள்?

அடுத்த சமாதானம், "காலையில எழுந்தா சரியாயிடுது". பயிற்சி முடிந்து வரும்போது காது அடைத்த மாதிரி இருப்பது, ரீங்காரம் கேட்பது, மறுநாள் அது போய்விடுவது, இதெல்லாம் உண்மைதான். ஆனால் போய்விட்டதால் சேதம் இல்லை என்று ஆகாது. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டினார்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் திறன் சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது, மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு சேர்க்கும் இணைப்புகளில், அடிபட்ட பகுதியில் ஏறக்குறைய பாதி நிரந்தரமாக அறுந்து போயிருந்தது. எலிக்கு நடந்தது நம் பிள்ளைக்கு நடக்காது என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் காது அடைக்கிறது என்றால், அந்தப் பயிற்சியில் ஏதோ தப்பு.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது ஒன்று உண்டு. "காது கேட்கலேன்னா எப்படி இவ்வளவு நல்லா வாசிப்பான்?" பேண்ட் சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் என்ற உச்சஸ்தாயிப் பகுதியில்தான் ஆரம்பிக்கும். கேட்கும் திறனை அளந்து வரையும் ஆடியோகிராமில் 4000 பக்கம் ஒரு பள்ளம் விழும். பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை டிரம்பெட்டில் எவ்வளவு மேலே ஏறினாலும் 1000-ஐ எட்டுவது பெரிய விஷயம். ஆக, அவன் வாசிக்கிற ஸ்வரமெல்லாம் பழுதில்லாத பகுதியில் இருக்கிறது. சுருதி பிசகாது, தாளம் தப்பாது, போட்டியில் பரிசும் வாங்குவான். அடிபடுவது பேச்சு. ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை மேலேதான் இருக்கிறது. அவை மங்கும். வகுப்பாசிரியர் "கவனமில்லை" என்று டைரியில் எழுதுவார், வீட்டில் "கூப்பிட்டா காதிலேயே வாங்குறதில்லை" என்று திட்டு விழும்.

நான் கவனிக்கும் அடையாளம் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, தாழ்ந்த குரலில் "புத்தகத்தை மூடி வை" என்பேன். எல்லாரும் மூடுவார்கள். ஒருத்தன் மட்டும் பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்துவிட்டு மூடுவான். அந்த அரை வினாடித் தாமதத்தைப் பார்த்தால் அன்று மாலையே வீட்டுக்குப் போன் பண்ணிவிடுவேன். இது மருத்துவச் சோதனை இல்லை. பரிசோதனைக்கு அனுப்ப ஒரு காரணம், அவ்வளவுதான்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இரைச்சல்தான் காதைக் கெடுக்கும், இசை கெடுக்காது என்பார்கள். 2012-இல் லண்டன் ராயல் ஒபரா ஹவுஸில் ஒரு வியோலாக் கலைஞரைப் பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார்கள். 130 டெசிபலைத் தாண்டிய சத்தம். அவர் காது பாதிக்கப்பட்டது, வேலையும் போனது. 2018-இல் லண்டன் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இசைக்கலைஞருக்கும் மற்றத் தொழிலாளிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பதுதான் அதன் சாரம். உலகத் தரமான இசைதான் அது. காதுக்கு அந்தத் தரம் தெரியவில்லை.

சரி, எவ்வளவு சத்தம் அதிகம்? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் வெறும் 15 நிமிஷம். மூடிய அறையில் முழு பேண்டும் வாசித்தால் 90 எளிதாகத் தாண்டும், டிரம் வரிசைக்குப் பக்கத்தில் 100 சாதாரணம். நம் பயிற்சி நேரம் 15 நிமிஷமா? அதுவும் இது தொழிலாளிகளுக்குப் போட்ட கணக்கு. பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஹெட்போன் கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரத்தில், வாரம் 40 மணி நேரத்துக்குப் பெரியவர்களுக்கு 80, பிள்ளைகளுக்கு 75 என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

அளந்து பாருங்கள். நையாஷ் வெளியிட்ட ஒலி அளக்கும் செயலி ஐபோனில் இலவசம். மற்ற போன் செயலிகள் துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். போனைப் பிள்ளையின் காது உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும், மாஸ்டர் நிற்கும் இடத்தில் அல்ல. அங்கே நின்று அளந்துவிட்டு "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டர்களுக்கு நேராகவே சொல்கிறேன். டிரம் பிள்ளைகளை அறை மூலையில் தள்ளாதீர்கள். இரண்டு சுவரும் சேர்ந்து சத்தத்தை அவர்கள் தலைக்கே திருப்பி அனுப்பும். டிரம்பெட்டின் வாய் முன்வரிசைப் பிள்ளையின் பின்மண்டையைப் பார்த்து இருக்கக் கூடாது. பின்வரிசையைப் படி போட்டு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் நாற்காலியை விலக்கிப் போடுங்கள். மொட்டைச் சுவரில் கனமான திரை தொங்கட்டும், தரையில் விரிப்பு கிடக்கட்டும். தாள அடிப்படைகளைப் பழக்க டிரம்மே வேண்டாம், ரப்பர் பிராக்டிஸ் பேட் போதும். குச்சிப்பிடி அதில்தான் சுத்தமாக வரும், உண்மையில் தப்பும் அதில்தான் தெரியும். பலமான பகுதியைச் சத்தம் குறைத்து வாசித்துப் பழக்கிவிட்டு, முழுச் சத்தத்தை மைதானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்த விசில். மைதானத்தில் ஊதுங்கள், தாராளமாக. அறைக்குள்ளே, ஒரு பிள்ளையின் காதிலிருந்து இரண்டடி தூரத்தில் எதற்கு? கை தட்டினால் போதாதா?

போட்டி நெருங்கினால் நிர்வாகத்திடமிருந்து வரும் ஒரே யோசனை "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்பதுதான். சத்தமாக வாசிப்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபம், மெதுவாக, சுருதி விலகாமல் வாசிப்பதுதான் கஷ்டம். நடுவர்களுக்கு அது தெரியும். நிர்வாகத்துக்கும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இயர் பிளக். இதில் ஆயிரம் சாக்கு. பஞ்சு வைத்தால் போதும் என்பது முதல் சாக்கு. பஞ்சு கிட்டத்தட்ட எதையும் தடுக்காது, தடுக்கிறது என்ற நம்பிக்கையில் பிள்ளை டிரம்முக்கு இன்னும் பக்கத்தில் போய் நிற்பதுதான் மிச்சம். ஃபோம் பிளக் தடுக்கும், ஆனால் மேல் ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். எல்லாம் மங்கலாகக் கேட்கிறது என்று பிள்ளை பிடுங்கிப் போட்டுவிடும். அதற்காகவே இசைக்கலைஞர்களுக்கான பிளக் இருக்கிறது. 1988-இல் வந்த ஈஆர்-15 இந்த வகையில் முன்னோடி. எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் குறைக்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 100 டெசிபல் 85 ஆகிறது, 15 நிமிஷம் 8 மணி நேரம் ஆகிறது. காதில் சரியாக உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்கு. சின்னப் பிள்ளைகளின் காதுத் துவாரம் சிறிசு, பெரியவர்கள் அளவு வாங்கித் திணிக்காதீர்கள். சிறிய அளவு கிடைக்கிறது.

கிளாரினெட் பிள்ளைகள் மட்டும் நியாயமாகவே முணுமுணுப்பார்கள். மேல்பல் மவுத்பீஸ் மேல் இருப்பதால் அதிர்வு பல் வழியே மண்டைக்குள் ஏறும். காதை அடைத்தால் தன் சத்தம் மட்டும் பூதாகாரமாகக் கேட்கும். பிளக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே சரியாகப் பொருத்தினால் அது குறையும். முதலில் வீட்டில் ஸ்கேல் வாசிக்கும்போது மட்டும் போட்டுப் பழகட்டும், முழு பேண்டில் அப்புறம் போடலாம். சைட் டிரம், சிம்பல், அவர்களுக்கு முன்னால் உட்காருகிறவர்கள், இந்த மூன்று கூட்டத்துக்கும் முதல் நாளிலிருந்தே பிளக் கட்டாயம். டிரம் அடி மாதிரி திடீர்ச் சத்தத்துக்கு, காதுக்குள் இருக்கும் இயற்கைத் தற்காப்புத் தசை இறுகுவதற்குள் அடி உள்ளே போய்விடுகிறது. வெளியே ஏதாவது தடுத்தால்தான் உண்டு.

வீட்டிலும் பாருங்கள். குளியலறையில் வாசித்தால் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று அங்கே போய் டிரம்பெட் ஊதாத பிள்ளையே கிடையாது. டைல்ஸ் சுவர், கதவைச் சாத்திக்கொண்டு, கால் மணி நேரம். பெரிய அறைக்கு வரச் சொல்லுங்கள். பேண்ட் முடிந்து வருகிற வழியிலேயே ஹெட்போன் மாட்டுவதையும் நிறுத்துங்கள். காதுக்கு ஒரு நாள் கணக்கு ஒன்றுதான், டிரம்முக்குத் தனி, போனுக்குத் தனி என்று கிடையாது.

இப்போது அந்தப் பையனின் அப்பாவுக்கும், அவரைப் போன்றவர்களுக்கும். பயந்துபோய்ப் பிள்ளையை பேண்டிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். "பழகிடும்" என்று இத்தனை நாள் சொன்னவர்களே, விஷயம் தெரிந்த மறுநாள் "இனிமே வாத்தியமே வேணாம்" என்று வந்து நிற்பதும் நடக்கிறது. அப்படி நிறுத்தினால் அடுத்த பிள்ளை, வாத்தியம் போய்விடும் என்று பயந்து, காதில் ரீங்காரம் கேட்டாலும் வாயைத் திறக்காது. சொன்ன பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். காதில் எதையும் ஊற்றாதீர்கள். காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடுங்கள். 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், பள்ளிகளில் நடக்கும் மேலோட்டமான பரிசோதனையில் பெரும்பாலும் அவை இருக்காது. முந்தைய நாள் பேண்டும் ஹெட்போனும் வேண்டாம், காது ஓய்ந்திருந்தால்தான் முடிவு சரியாக வரும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே போங்கள், தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

புதிதாகச் சேர்க்கிறவர்கள், டிரம் குச்சி வாங்கும் முன்னாலேயே ஒரு பரிசோதனை எடுத்து வைத்துவிடுங்கள். பின்னால் ஏதாவது என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கும். அறிக்கையின் நகல் ஒன்றை எனக்கும் கொடுங்கள். யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது, யாரை ஒரு பருவத்துக்கு டிரம்மிலிருந்து மாற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்ய முடியும்.