முடுக்கமும் ஆர்முடுகலும்

பைக்கில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி சீறிக் கிளம்பும். பேச்சில் அது ‘ஆக்சிலேட்டர்’ ஆகிவிட்டது, போகட்டும். அந்தப் பெயருக்குள் இருக்கும் ஆக்சிலரேஷனைத்தான் தமிழ்நாட்டுப் பாடநூல் முடுக்கம் என்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். விரைவைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து ‘விரைவுபடுத்து’ என்ற வினை பிறந்தது, அதிலிருந்து ஆக்சிலரேஷன். ஆக, பிறந்தபோது அதன் பொருள் வேகம் கூடுவது மட்டும்தான். இயற்பியல் அந்தப் பொருளை நன்றாக அகட்டிவிட்டது. திசைவேகம் (திசையும் சேர்ந்த வேகம்) ஒரு வினாடியில் எவ்வளவு மாறுகிறதோ அதுவே முடுக்கம். கூடினாலும் மாற்றம்தான், குறைந்தாலும் மாற்றம்தான், வேகம் அப்படியே இருக்கத் திசை மட்டும் திரும்பினாலும் மாற்றம்தான். அப்படிப் பார்த்தால் பைக்கில் முடுக்கம் தரும் கருவிகள் மூன்று: ஆக்சிலரேட்டர், பிரேக், ஹேண்டில்பார்.

நிறுத்தத்தில் நிற்கும் பஸ் கிளம்பி 5 வினாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். 10ஐ 5ஆல் வகுத்தால் 2. அலகு எழுதும் இடத்தில்தான் பல மாணவர்கள் விழிப்பார்கள்: மீட்டர்/வினாடி². வினாடிக்கு எதற்கு வர்க்கம்? இங்கே எதுவும் சதுரமாக இல்லை. ‘வினாடிக்கு 2 மீட்டர்’ என்ற அளவு வேகம், ஒவ்வொரு வினாடியும் கூடிக்கொண்டே போகிறது. வினாடி இரண்டு முறை வருவதால் மேலே ஒரு 2, அவ்வளவுதான்.

இன்னொரு இடத்திலும் தடுமாறுவார்கள். மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் அந்தக் கணத்தில் அதன் திசைவேகம் சுழி. முடுக்கம்? புவியீர்ப்பு தரும் அதே 9.8 மீட்டர்/வினாடி²தான், கீழ்நோக்கி. அதுவும் சுழியாக இருந்தால் பந்து திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிடும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். முடுகு என்றால் விரை. யாப்பிலும் முடுகு உண்டு. குறில்கள் அடர்ந்து விரைந்தோடும் நடைக்கு அந்தப் பெயர். முடுக்கு என்றால் விரையச் செய். மாட்டை முடுக்குவோம், ‘பணிகள் முடுக்கிவிடப்பட்டன’ என்று செய்தித்தாள் தினமும் எழுதுகிறது. (‘மூலை முடுக்கு’ என்பதில் வருவது வேறு முடுக்கு, இடுக்கான இடம்.) முடுக்கம் இந்த ‘முடுக்கு’விலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பெருகு பெருக்கம் ஆகிறது, பழகு பழக்கம் ஆகிறது. அதே வழியில் முடுகு என்பதும் முடுக்கம் ஆகும். தானாக விரைவதும் பிறர் விரட்டுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், விசைதான் முடுக்கத்துக்குக் காரணம் என்ற நியூட்டனின் இரண்டாம் விதியை நடத்தும் ஆசிரியருக்கு இது கைகொடுக்கும்.

இலங்கைப் பாடநூலில் இதே கருத்துக்கு ஆர்முடுகல் என்று பெயர். ஆர்தல் என்றால் நிறைதல். வேகம் தணிந்தால் அங்கே அமர்முடுகல். அமர்தல் என்றால் அடங்குதல், விளக்கை அமர்த்துவது அதை அணைப்பது. தமிழ்நாட்டில் இதை எதிர் முடுக்கம் என்கிறார்கள். எனக்கு ஆர், அமர் என்ற இந்த இணைதான் அழகாகப் படுகிறது. ஆனால் மையநோக்கு முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கம் என்று சேர்த்து எழுதுவதற்குச் சின்னச் சொல்லான முடுக்கம்தான் வசதி. இரண்டும் தமிழ் வேரில் கிளைத்தவை, எதையும் தாராளமாக எழுதலாம்.

இரு நாட்டுப் பாடநூல்களையும் கலந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொரு சொல்லை. தமிழ்நாட்டில் வேகம் என்றால் திசை பாராத அளவு. திசையும் சேர்ந்தால் திசைவேகம். இலங்கையில் திசை பாராத அளவுக்குக் கதி என்று பெயர், வேகம் என்றாலே திசை சேர்ந்தது. அதனால் ‘வேகம் மாறும் வீதமே ஆர்முடுகல்’ என்று யாழ்ப்பாணத்து மாணவர் எழுதினால் முழு மதிப்பெண். அதையே முடுக்கத்துக்கு வரையறையாக மதுரை மாணவர் எழுதினால், வளைவில் சீரான வேகத்தில் திரும்பும் பஸ் அதில் விட்டுப்போகும்.