வண்டி தூங்கின பிறகும் விழித்திருந்த வயர்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் மச்சானின் பிக்கப், விடியக்காலை மூன்று மணிக்கு 'டக்'கென்று ஒரு சத்தம் மட்டும் போடும். செல்ஃப் எடுக்காது. லோடு ஏற்றிய வண்டியைத் தள்ள அந்நேரத்துக்கு எங்கே போய் ஆள் பிடிப்பது? ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இரண்டாவதும் மூன்றே வாரத்தில் காலை வாரியதும், "மாப்ள, நீ மீட்டரெல்லாம் வச்சிருக்கியே, ஒருக்கா வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

பேட்டரி டவுன் ஆனால் பேட்டரியைத்தான் முதலில் திட்டுவோம். பல நேரம் அது பாவம். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரன்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தால், எந்தப் பேட்டரி போட்டாலும் அதே கதிதான்.

ஒரு சின்னக் கணக்கு. டீசல் வண்டிக்கு செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று விநாடி அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு கால் ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி), அவ்வளவுதான். டேஷ்போர்டு டப்பாவுக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு இழுப்பதோ 0.4 ஆம்பியர். ஆனால் அது பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட 5 ஆம்பியர்-மணி காலி. இருபது தடவை செல்ஃப் அடித்ததற்குச் சமம்! பேட்டரியைத் தீர்ப்பது இழுவையின் வேகம் மட்டுமில்லை, எத்தனை மணி நேரம் இழுக்கிறது என்பதும்தான்.

கசிவே இல்லாத வண்டி கிடையாது. கடிகாரம், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும். மொத்தம் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் கவலையில்லை. மச்சான் வண்டியில் இருக்கும் 65 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த வேகத்தில் தீர ஐம்பது நாளுக்கு மேல் ஆகும்.

போன அன்று பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. முழுசாக ஏறிய பேட்டரி, சில மணி நேரம் சும்மா இருந்தபின் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி போய்விட்டது. 11.9-க்குக் கீழே வந்தால் அநேகமாகக் காலி. சார்ஜரை எடுத்த கையோடு பார்த்தால் 13 கூடக் காட்டும், அதை நம்பக் கூடாது.

கசிவை அளக்க ஆம்பியர் மீட்டரை கரன்ட் போகும் வழியிலேயே நுழைக்க வேண்டும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, பேட்டரிக்கும் அந்த கேபிளுக்கும் நடுவில் மீட்டரை மாட்டினேன். நெகட்டிவையே கழற்றுவதற்குக் காரணம் உண்டு. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நேராக ஷார்ட், தீப்பொறி. மாட்டியதும் மீட்டர் 2.9 ஆம்பியர் காட்டியது. "இதா இருக்குல்ல திருடன்!" என்றார் மச்சான். ஆனால் அது திருடன் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டியதால் வண்டியின் கம்ப்யூட்டர்களெல்லாம் விழித்துக்கொண்டிருந்தன.

இந்த வேட்டையில் நிறையப் பேர் வழி தவறுவது இங்கேதான். இப்போதைய வண்டிகள் அணைத்தவுடனே தூங்குவதில்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடச் சில நிமிடத்திலிருந்து அரை மணி நேரம், சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். நடுவில் கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அமுக்கினாலோ மறுபடி எழுந்துவிடும். அதனால் கதவைத் திறந்து வைத்து, அதன் லாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் 'சாத்திய' நிலைக்குத் தள்ளிவிட்டேன். வண்டியைப் பொறுத்தவரை கதவு மூடியாயிற்று. சாவி வீட்டுக்குள். நாங்கள் திண்ணையில். நாற்பது நிமிடம் கழித்து மீட்டரில் 0.84. அதற்குக் கீழே இறங்கவில்லை.

(முதல் முயற்சியில் மச்சான் ஆர்வம் தாங்காமல் சாவியைத் திருப்பிவிட்டார். குளிர்ந்த டீசல் இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்குகள் மட்டுமே பல பத்து ஆம்பியர் இழுப்பவை. என் மீட்டருக்குள் இருந்த 10 ஆம்பியர் ஃபியூஸ் அங்கேயே காலி. டவுனுக்குப் போய் வேறு வாங்கி வர ஒன்றரை மணி நேரம்.)

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் அளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பழைய வழக்கம். புது வண்டிகளில் இதில் ஒரு சிக்கல். பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது, தூங்கின கம்ப்யூட்டர் எழுந்துவிடும். பிடுங்காமலே பார்க்க வழி இருக்கிறது. ஃபியூஸ் என்பதும் ஒரு சின்ன மின்தடைதான். பட்டை ஃபியூஸின் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட வேண்டும். கரன்ட் போகாத ஃபியூஸில் பூஜ்யம் காட்டும். 10 ஆம்பியர் ஃபியூஸின் தடை சுமார் 7, 8 மில்லி ஓம் என்பதால், ஒரு மில்லிவோல்ட் காட்டினால் சுமார் 0.13 ஆம்பியர் அதன் வழியே போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு மீட்டரை வைத்து அத்தனை ஃபியூஸையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தன. 0.84 மட்டும் அசையவில்லை.

அப்படியென்றால் கசிவு அந்த ஃபியூஸ் பாக்ஸ் வழியாகவே போகவில்லை. அதைத் தொடாமல் பேட்டரிக்கு நேராக வரும் கிளைகள் சிலதான். முதல் சந்தேகம், நம்மூரில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் டயோடுகள் கரன்ட்டை ஒரே திசையில் விடும் ஒருவழிக் கதவுகள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு கரன்ட் போகும், நின்றால் திரும்பி வராது. ஒரு டயோடு கெட்டுப்போனால் ராத்திரி முழுக்கப் பேட்டரி ஆல்டர்னேட்டருக்குள்ளேயே வடியும். பகலில் சார்ஜும் ஓரளவு ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் சந்தேகமே வராது. அதன் தடித்த வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, மறுபடி மீட்டரை மாட்டி, மறுபடி நாற்பது நிமிடம். அதே 0.84.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பாசிட்டிவ் டெர்மினலில் குனிந்தேன். கம்பெனி வயர்களுக்கு நடுவில், கறுப்பு டேப் சுற்றிய தனி ஃபியூஸ் ஹோல்டரோடு ஒரு சிவப்பு வயர். அதைப் பிடித்துக்கொண்டே போனால் கேபினுக்குள் நுழைந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் போய் நின்றது. கையை விட்டுத் துழாவினேன். தூசி படிந்த ஒரு அலுமினியப் பெட்டி, தொட்டால் இளஞ்சூடு.

வண்டி அணைந்து மூன்று மணி நேரமாகிறது, போனட்டில் பனி இறங்கியிருக்கிறது, இந்தப் பெட்டி மட்டும் சூடாக இருக்கிறது! 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் என்றால் சுமார் 10 வாட். அது எங்கேயாவது வெப்பமாக வெளியே வந்துதானே ஆக வேண்டும். அந்தத் தனி ஃபியூஸை உருவினேன். மீட்டர் 0.03-க்கு விழுந்தது.

பெட்டி, ஆடியோ ஆம்ப்ளிஃபயர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. முந்தைய ஓனர் மியூசிக் செட்டையும் ஸ்பீக்கரையும் கழற்றிக்கொண்டு இதை மறந்துவிட்டிருக்கிறார். ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் தடித்த சிவப்பு வயர் ஒன்று, எர்த் ஒன்று, 'எழுந்திரு' என்று சொல்லும் மெல்லிய நீல வயர் ஒன்று. மியூசிக் செட் ஓடும்போது மட்டும் நீல வயரில் 12 வோல்ட் வர வேண்டும். யாரோ இன்னொரு வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, நீலத்தைச் சிவப்போடு முறுக்கிவிட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் இல்லாததால் சத்தமில்லை. பெட்டி மட்டும் இரவும் பகலும் பாட்டுக்காகக் காத்திருந்தது.

ஒரு ராத்திரிக்கு 10 ஆம்பியர்-மணி போவதால் மட்டும் புதுப் பேட்டரி செத்துவிடாது. தோட்டத்திலிருந்து மார்க்கெட் வரை ஓடும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அந்த இழப்பு முழுசாகத் திரும்ப ஏறுவதில்லை. ஈய-அமிலப் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மெதுவாகத்தான் வாங்கும், அதற்கு மணிக்கணக்கு வேண்டும். பேட்டரி கரன்ட்டை வெளியே கொடுக்கக் கொடுக்க, உள்ளே இருக்கும் இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். நாள் கடத்தாமல் திரும்ப சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். அரைகுறைச் சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடந்தால், பொடியாக இருந்த படிகங்கள் கெட்டியாகி அப்படியே நின்றுவிடும். அப்புறம் மேலே 65 என்று எழுதியிருந்தாலும் உள்ளே பிடிப்பது அதில் ஒரு பங்குதான். மச்சான் கடையில் கொடுத்துவிட்டு வந்த இரண்டு பேட்டரியும் அநேகமாக இப்படித்தான் போயிருக்கும்.

நீல வயரை வெட்டி, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் லைனில் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டியையே கழற்றிவிடலாம் என்றதற்கு மச்சான் சம்மதிக்கவில்லை. மறுநாளே திண்டுக்கல் போய் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்துவிட்டார்.