பின் சக்கரத்தில் ஆட்டம்: எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படிப் போக்குவது?

1960களின் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களில் பெரும்பாலானவற்றின் பின் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது சில மெல்லிய எஃகுக் குழாய்கள்தான். மேலே குறுக்காக ஒரு கை, கீழே முக்கோணமாக ஒன்று, முன்பக்கம் சேஸிஸ் வரை ஓடும் இரண்டு நீளமான ராடுகள். இவற்றின் முனைகளில் இருப்பது ரோஸ் ஜாயின்ட்: ஒரு வளையத்துக்குள் திரும்பும் எஃகு உருண்டை, அதன் நடுத்துளை வழியாக ஒரு போல்ட். இந்த வரிசையில் எங்காவது அரை மில்லிமீட்டர் தளர்ந்தால் போதும், ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். இந்தத் தளர்வான அசைவைத்தான் ஆட்டம் என்கிறோம்.

சாதாரண கார்களில் இந்த இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷும்தான் அசைகிறது, அது மட்டும் பரவாயில்லையா என்று கேட்கலாம். ரப்பர் அசையும்போதே எதிர்த்துத் தள்ளும். விசை கூடக் கூட அசைவும் கூடும். அதனால் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓட்டுபவர் பழகிக்கொள்ள முடியும். ஆட்டத்தில் அந்த எதிர்ப்பே கிடையாது. விசை ஒரே பக்கம் இருக்கும்வரை எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும். திசை மாறிய கணத்தில் சக்கரம் தடையில்லாமல் நழுவி, மறுபக்கம் முட்டித்தான் நிற்கும்.

ரேஸில் விசையின் திசை அடிக்கடி மாறுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தரை டயரை முன்னால் தள்ளுகிறது. பிரேக் போட்டால் பின்னால் இழுக்கிறது. டயர் தரையைத் தொடும் இடம், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஜாயின்ட்களுக்கு வெளியே இருப்பதால், பிரேக் போடும்போது சக்கரத்தின் முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பப் பார்க்கும். வளைவுக்குள் நுழையும் நேரம் பாரம் பெரும்பாலும் வெளிச் சக்கரத்தில்தான். அது வெளியே பார்த்துத் திரும்பினால் காரின் பின்பகுதியும் அதோடு வெளியே போகிறது. ஸ்டியரிங்கைத் தொடாமலேயே கார் திரும்புகிறது.

அளவைப் பார்ப்போம். 3/8 அங்குல போல்ட்டின் விட்டம் 9.525 மி.மீ. பழைய பிரிட்டிஷ் கார்களில் இந்த அங்குல போல்ட்கள்தான். யாரோ ஒருவர் ஜாயின்ட்டை மாற்றும்போது 10 மி.மீ. துளையுள்ளதை வாங்கிப் போட்டிருந்தால், புத்தம்புது ஜாயின்ட்டிலேயே 0.475 மி.மீ. இடைவெளி வந்துவிட்டது! சக்கரத்தின் திசையை நிர்ணயிக்கும் இரண்டு ஜாயின்ட்களுக்கு இடையே 250 மி.மீ. தூரம் என்றால், ஒன்றில் இருக்கும் இந்த ஆட்டமே 13 அங்குல ரிம்மின் விளிம்பில் 0.6 மி.மீ.க்கு மேல் ஆகிவிடும். இரண்டிலும் இருந்தால் இரட்டிப்பு. பின் சக்கரங்களின் முன்விளிம்பை லேசாக உள்நோக்கி வைப்பதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கணக்கில்தான்.

சரி, எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காரை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் முன்னும் பின்னுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் ஜாயின்ட்களில். பிரேக் டிஸ்க் சக்கரத்தோடு இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும், இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் உள்ளே இருந்தால் செல்லாது. அடுத்து ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரலை வைக்க வேண்டும்: பாதி விரல் உருண்டை மேல், பாதி அதை இருபுறமும் பிடித்திருக்கும் பிராக்கெட் மேல். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். எவ்வளவு என்று அறிய, நுண்ணிய அசைவை முள் காட்டி அளக்கும் டயல் கேஜ் வேண்டும்.

1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பிலும் 1963இன் கார்வெட் ஸ்டிங் ரேயிலும் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டே மேல்கையின் வேலையையும் பார்க்கிறது. அவற்றில் டிஃபரன்ஷியலுக்குள் ஷாஃப்ட் பக்கவாட்டில் நகர்ந்தாலும் சக்கரம் சாயும். கார்வெட்டில் அந்த ஷாஃப்ட்டின் உள்முனை தேய்வது நன்கு அறிந்த கோளாறு.

பலரும் ஜாயின்ட்களை மொத்தமாக மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று திகைப்பார்கள். காரணம் பெரும்பாலும் போல்ட் துளைதான். பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் உருண்டையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பாரத்தைச் சுமப்பது அந்த உராய்வு. காதுகளுக்கு இடையில் சந்து இருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் போல்ட்டின் வலு காதுகளை வளைப்பதிலேயே போய்விடும். பிடி தளர்ந்ததும், காம்பு தளர்ந்த சுத்தியல் போல ஒவ்வொரு அடியிலும் துளை இன்னும் அகலும். போல்ட்டின் மரை காதுக்குள் உட்கார்ந்திருந்தால் அரம் போல ராவி, இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.

அதனால் துளையை, துல்லியமாகச் செதுக்கும் ரீமரால் வட்டமாக்கி, உள்ளே எஃகு உறையான புஷ் அடியுங்கள். மழமழப்பான தண்டுப்பகுதி இரண்டு காதுகளையும் கடக்கும் நீளத்தில் போல்ட் போடுங்கள். சந்தைச் சரியான தடிமனுள்ள வாஷரால் நிரப்புங்கள். வெல்டிங்தான் வழி என்றால் சுற்றியுள்ள குழாயில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் பூசிப் பார்க்காமல் தொடாதீர்கள். அறுபது வயதான உலோகம் அது. ராடின் முனையில் ஜாயின்ட்டை நகராமல் பிடிக்கும் லாக் நட்டையும் மறக்க வேண்டாம், அது தளர்ந்தால் மரையிலேயே ஆட்டம் வந்துவிடும்.

ஜாயின்ட் மாற்றியதும் ராடின் நீளம் கொஞ்சம் மாறியிருக்கும். ஆகவே காரைத் தரையில் இறக்கி, ஓட்டுபவர் எடைக்குச் சமமான பாரத்தை இருக்கையில் வைத்து, சக்கரக் கோணங்களை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டு சில சுற்றுகள் ஓட்டிப் பாருங்கள். கோடு பிசகியிருந்தால் நட் சுழன்றிருக்கிறது. பிசகாவிட்டாலும், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்: இறுக்கிய பரப்புகளுக்கு நடுவே சிக்கிய பெயின்ட் பூச்சு நசுங்கினாலே போல்ட் தன் இறுக்கத்தை இழந்துவிடும்.