முதுகுச் சாய்வைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு

போன மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு இருசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஃபியூஸ் மாற்ற மாற்ற எரிந்துபோகிறது என்றார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். வண்டியைக் கழுவுவதற்காக ஓட்டுநர் இருக்கையின் முதுகுச் சாய்வைக் கழற்றி, அவரே மறுபடியும் மாட்டியிருக்கிறார். சீட்டைத் தூக்கினேன். பின்விளக்குக்குப் போகும் ஒயர்க் கட்டு சாய்வின் இரும்புத் தாங்கிக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கி, செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் எரிந்தது அவருடைய நல்ல காலம். ஒயர் மட்டும் அறுந்திருந்தால், பிரேக் விளக்கு எரியாத வண்டியில் இரவு நேரத்தில் புதுச்சேரி சாலையில் போயிருப்பார். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அவர் வேகம் குறைத்தது தெரிந்திருக்காது.

ஆகவே, கழற்றுமுன் சீட்டுக்கு அடியில் கைப்பேசியால் நான்கு படம் எடுத்துவையுங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பது அதில் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. துருவேறிய போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். ஸ்பேனரில் குழாயைச் செருகி மிதிக்காதீர்கள். போல்ட் உள்ளே முறிந்தால், அதைத் துளைபோட்டு எடுப்பதற்குள் சட்டத்தின் மரையும் போய்விடும். அலுமினியத் தாங்கியில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டிருந்தால், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பு ஈரத்தில் எஃகோடு ஒட்டியிருக்கும் அலுமினியம்தான் அரிக்கப்படும்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாதது கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். ஸ்பேனரால் அடக்கப் பார்த்தால் மரை கெடும். எல்லாம் ஏறிய பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். சாய்வோடு வந்த கையேட்டில் எவ்வளவு பலத்தில் இறுக்க வேண்டும் என்ற அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் 8 மி.மீ. எஃகு போல்ட்டுக்குச் சுமார் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ.க்குச் சுமார் 10. இரண்டையும் ஒரே பலத்தில் இறுக்கி மரையை உரித்துக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே நைலான் வளையமுள்ள நட்டு, வளையத்தையும் தாண்டி விரலாலேயே சுழன்றால் தூக்கி எறியுங்கள். சில ரூபாய்தான்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தாங்கி உட்காரவில்லை என்பதற்காகப் பின்னால் அமர்பவரின் கைப்பிடியை அறுத்துத் தரச் சொல்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, தயாரிப்பாளர் அந்தக் கைப்பிடியை நிலையாகப் பொருத்தித் தர வேண்டும் என்கிறது. சேலை கட்டி ஒருக்களித்து உட்காரும் அம்மாவுக்கு வேறு பிடிமானம் ஏது? எவ்வளவு கொடுத்தாலும் நான் அறுக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்ததும் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், சீட்டுப் பூட்டு மூன்றையும் சோதியுங்கள். புதுச்சேரிக்கு இரண்டு முறை போய் வந்தால் ஏறக்குறைய 100 கி.மீ. ஆகிவிடும். அப்போது ஒருமுறை ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். புதிதாக மாட்டிய போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். தேவனாம்பட்டினத்துக்காரர் போன வாரம் அதற்காகவே வந்திருந்தார். இடப்பக்கத்துப் போல்ட் கால் சுற்று இறங்கியது.