அருந்தப்பு: ‘நியர் மிஸ்’ என்பதற்கு எங்களிடம் உள்ள சொல்

மாங்குளத்துக்கு அப்பால் ஏ-9 வீதியில், இருட்டில் படுத்திருக்கும் மாடுகளுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் குலுங்கி நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் சொல்வது, “அருந்தப்பில தப்பினது.” வன்னியில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் நடுவானில் இரண்டு விமானங்கள் உரசும் தூரத்தில் விலகிப் போனதை எழுத வந்தால், அதே ஆட்கள் ‘நியர் மிஸ்’ என்று ஒலிபெயர்க்கிறார்கள். இல்லையென்றால் ‘அருகாமைத் தவறு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். இந்த இரண்டாவது வழக்கைக் கைவிட வேண்டும். ‘மிஸ்’ என்பது இங்கே குறி தவறுவது, பிழை விடுவது அல்ல. ‘அருகாமைத் தவறு’ என்று படிப்பவருக்கு யாரோ பிழை விட்டார் என்றுதான் விளங்கும்.

‘நியர் மிஸ்’ பரவலானது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். கப்பலின்மேல் போட்ட குண்டு தட்டில் விழாமல் பக்கத்துக் கடலில் விழுந்தால் அதற்கு அந்தப் பெயர். தண்ணீருக்குள் வெடித்த குண்டின் அழுத்தம் கப்பலின் அடித்தகட்டைப் பிளக்கும். இயந்திர அறைக்குள் நீர் ஏறும். ஆகவே அந்தச் சொல் பிறந்தபோது ‘சேதமில்லை’ என்ற பொருள் அதற்கு இருக்கவில்லை. குறி தவறியது, ஆனாலும் கிட்ட விழுந்தது, அவ்வளவுதான். பதுங்குகுழிக்கு வெளியே விழுந்த குண்டால் உள்ளே மண் சரிந்ததைக் கண்ட ஊருக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது, அது எறிந்தவனின் சொல். மேலேயிருந்து பார்த்தால் ‘கிட்டப் போய்த் தவறிவிட்டது’. கீழே இருந்தவனின் பக்கத்தை அது சொல்லவில்லை. தமிழில் ‘தப்பு’ என்ற வினை இரண்டு பக்கத்தையும் தாங்கும். குறி தப்பியது என்றால் எறிந்தவன் பக்கம். உயிர் தப்பியது என்றால் இருந்தவன் பக்கம். அதன் முன்னே ‘அருமை’ சேர்கிறது. அருமை என்றால் அரிதாயிருப்பது, கடினமாயிருப்பது. அருமையின் ஈறு கெட்டு, தகரத்துக்கு (த) இனமான நகர மெய் (ந்) வந்து, அருந்தவம், அருந்தமிழ் போல அருந்தப்பு ஆகிறது. அரிதாக வாய்த்த தப்புதல். ‘மயிரிழையில் தப்பினார்’, ‘நூலிழையில் தப்பினார்’ என்பவை நல்ல வழக்குகள்தான். ஆனால் அவை தொடர்கள். ஒரு படிவத்திலோ தலைப்பிலோ பெயர்ச்சொல்லாக நிற்க அருந்தப்பால் மட்டுமே முடிகிறது.

வான் போக்குவரத்தில் ஒரே செய்தியில் மூன்று வேறு நிலைகள் கலந்துவிடுவதால், அருந்தப்பு எதற்குப் பொருந்தும் என்று பிரிக்க வேண்டும்.

முதலாவது, இடைவெளி குறைதல். உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு இடையே மேல்கீழாக 1,000 அடி, அல்லது ராடர் கண்காணிப்பில் பக்கவாட்டாக வழக்கமாக 5 கடல் மைல் (ஏறத்தாழ 9.3 கிலோமீற்றர்) இருக்க வேண்டும். விமான நிலையத்தை அண்டிய வான்பரப்பில் 3 கடல் மைல் வரை குறைக்கலாம். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டுமே குறைந்தால் விதி மீறப்பட்டது. அப்போதும் மோதும் ஆபத்து இல்லாதிருக்கலாம். 4.8 மைலில் ஒன்றையொன்று விலகிச் செல்லும் இரு விமானங்களும் கணக்கில் இடைவெளி குறைதல்தான்.

இரண்டாவது, ‘எயார்புரொக்ஸ்’. பிரித்தானியாவில் முன்பு ‘எயார்மிஸ்’ என்றார்கள். விமானங்களுக்கு இடையே இருந்த தூரம், அவற்றின் நிலை, வேகம் ஆகியவற்றால் பாதுகாப்புக்குக் குந்தகம் வந்திருக்கலாம் என்று விமானியோ தரையிலிருந்து வழிகாட்டும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோ கருதினால் அதுவே எயார்புரொக்ஸ். இங்கே அளவுகோல் தூரம் மட்டுமல்ல, அவர்களின் கணிப்பும்தான். விசாரணைக்குப் பிறகு உலக விதிப்படி அதை நான்கில் ஒன்றாக வகுப்பார்கள்: மோதும் அபாயம் இருந்தது, பாதுகாப்பு உறுதியாக இருக்கவில்லை, அபாயம் இருக்கவில்லை, தீர்மானிக்க முடியவில்லை. இதற்கு வானணுக்கம் என்பது போதும்.

மூன்றாவதுதான் நடுவானில் மோதலை ஒட்டிப் போனது. அமெரிக்க விதியில் 500 அடிக்குள் நெருங்கியிருக்க வேண்டும், அல்லது மோதும் ஆபத்து இருந்ததாக விமானி அறிக்கையிட்டிருக்க வேண்டும். நடுவான் அருந்தப்பு என்ற சொல்லை இதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் சொல் தேய்ந்துவிடும்.

இந்தத் தூரங்கள் ஏன் இவ்வளவு பெரிதென்றால், வேகத்தால். மணிக்கு 850 கிலோமீற்றரில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 470 மீற்றர் நெருங்குகின்றன. கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடைப்பட்ட ஐந்து கிலோமீற்றரளவு தூரம் பதினொரு செக்கனில் முடிந்துபோகும். எதிரே வருவதைக் கண்டு, இன்னதென்று அறிந்து, மோதும் என்று உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பும்வரை 12.5 செக்கன் ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. மேலும், நேராக மோத வரும் விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். கடைசிச் சில செக்கன்களில்தான் சட்டென்று பெரிதாகும். நகர்வதைத்தான் கண் பிடிக்கிறது. நகராமல் நிற்பதுதான் ஆபத்தானது.

அதனால்தான் ‘ரிகாஸ்’ எனும் மோதல் தவிர்ப்புக் கருவி. மற்ற விமானத்தின் டிரான்ஸ்பொண்டரை, அதாவது கேட்டால் பதில் அனுப்பும் வானொலிக் கருவியை, கேள்வி கேட்டு, பதிலிலிருந்து தூரத்தையும் உயரத்தையும் எடுக்கிறது. மோதலுக்கு 20 முதல் 48 செக்கன் முன்பே எச்சரிக்கிறது. 15 முதல் 35 செக்கன் இருக்கையில் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று கட்டளையிடுகிறது. இரண்டிலும் கருவி இருந்தால் அவை தமக்குள் பேசி, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும். விமானி ஐந்து செக்கனுக்குள் பணிய வேண்டும். எதிரிலுள்ளதில் டிரான்ஸ்பொண்டர் இல்லையென்றாலோ அணைந்திருந்தாலோ ரிகாஸுக்கு அது இல்லவே இல்லை. கலியாண வீட்டில் ஏற்றும் சிறு ட்ரோன் அதற்குத் தெரியாது. விமான ஓடுபாதைகளை அண்டி ட்ரோன் ஏற்றுபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அருந்தப்பு என்ற சொல்லின் முழுக் கனத்தையும் காட்டுவது 2001 ஜனவரி 31 இல் ஜப்பானின் யாய்சு நகருக்கு அண்மித்த வானில் நடந்தது. ஜப்பான் எயார்லைன்ஸின் 907 ஆம் இலக்க விமானம் ஏறிக்கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் 958 சமநிலையில் வந்தது. பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் 958 ஐ இறக்க நினைத்து, வாய் தவறி 907 ஐ இறங்கச் சொன்னார். 907 இறங்கத் தொடங்கிய வேளையில் அதன் ரிகாஸ் ‘ஏறு’ என்றது. 958 இன் ரிகாஸ் ‘இறங்கு’ என்றது. 907 இன் விமானி கட்டுப்பாட்டாளரின் சொல்லையே பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டும் சேர்ந்து இறங்கின. கடைசியில் கண்ணால் கண்டு 907 ஐச் செங்குத்தாக அமுக்கி, ஏறத்தாழ 135 மீற்றர் இடைவெளியில் கடந்தார்கள். இரண்டிலும் இருந்தவர்கள் 677 பேர். அந்த அமுக்கலில் 907 க்குள் ஆட்களும் உணவு வண்டியும் கூரையில் மோத, நூறு பேர் காயமடைந்தார்கள். மோதல் நடக்கவில்லை, விபத்து நடந்தது. ‘தவிர்க்கப்பட்ட விபத்து’ என்று இதை எழுதினால் அது பொய். ‘அருந்தப்பு’ என்றால் உண்மை. ஏனென்றால் காயமின்றித் தப்பினார்கள் என்று அந்தச் சொல் ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை.

பதினேழு மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இல், ஜேர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ஏறத்தாழ அதே முரண்பாடு திரும்பி வந்தது. ஒரு விமானத்தின் விமானி கருவியைக் கேட்டார், மற்ற விமானத்தின் விமானி கட்டுப்பாட்டாளரைக் கேட்டார். அந்த முறை தப்பவில்லை. 71 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கருவியின் கட்டளையும் கட்டுப்பாட்டாளரின் சொல்லும் முரண்பட்டால் கருவியின் கட்டளைக்கே பணிய வேண்டும் என்று உலக விதியில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது.

எங்கள் நாட்டோடு தொடர்புள்ள செய்தி 2022 ஜூனில் வந்தது. இலண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தை, துருக்கி வான்பரப்பில் 33,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு ஏறச் சொன்னார்கள் என்றும், அந்த உயரத்தில் வேறொரு விமானம் வருவதைக் கருவியில் கண்ட விமானிகள் ஏற மறுத்தார்கள் என்றும் நிறுவனம் அறிவித்தது. துருக்கித் தரப்பு அதை மறுத்தது. நிறுவனத்தின் கூற்றை அப்படியே எடுத்தாலும், விமானம் ஏறவேயில்லை, இடைவெளி குறையவில்லை. அது அருந்தப்பு அல்ல. நிறுவனம் சொன்னபடி நடந்திருந்தால், அது முன்கூட்டியே விலகியது.

கீழிருந்து பார்ப்பவருக்கும் ஒன்று. வயலில் நின்று அண்ணாந்து பார்க்கையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். 1,000 அடி என்பது வளர்ந்த பனை பத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். பத்துக் கிலோமீற்றர் கீழேயிருந்து அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது அங்கே இருக்கிறது.