மூக்குத்தண்டின் மேல் பழி போடாதீர்கள்

"தண்டு வளைஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல போட்டிருக்கு டாக்டர். அதனாலதான் மூக்குல பூஞ்சை வந்திருக்கு, நேராக்கிட்டா போயிடும்ல?" ஆரணிக்காரர் கேட்டாலும் குடியாத்தத்துக்காரர் கேட்டாலும் கேள்வி இதேதான்.

போகாது. இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்புதான் மூக்குத்தண்டு. நூல் பிடித்தாற்போல் நேரான தண்டு அபூர்வம். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அத்தனை பேருக்குமா பூஞ்சை வந்துவிட்டது? ஆபரேஷனில் சில சமயம் தண்டை நேராக்குவது எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்) நுழைய வழி வேண்டும் என்பதற்காக. அதையே வைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டிய அமைப்பு வேறு. கன்னத்து சைனஸ், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை, அதன் வாசல் அடியில் இல்லை. மேலே, சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் மூச்சோடு போன பூஞ்சை வித்து உள்ளேயே தங்கி உருண்டையாகும். எடுக்கும்போது ஈரக் களிமண்போல் பிட்டுப்பிட்டு வரும். அந்த சைனஸின் தரையோ மேல் கடைவாய்ப்பல் வேருக்கு நேர்மேலே. வேர் சிகிச்சையில் அடைத்த துத்தநாகக் கலவை மேலே கசிந்தால் அதைச் சுற்றியும் பூஞ்சை பிடிக்கும். ஒரே பக்கம் மூக்கடைப்பு, நாற்றச் சளி என்று மூன்று மாதம் ஓடியிருந்தால், பல் வைத்தியம் செய்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். உருண்டை மட்டும்தான் என்றால் எடுத்தால் போதும். பூஞ்சை மாத்திரை பெரும்பாலும் வேண்டியதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கதையே வேறு. 2021-இல் எல்லோரும் பயந்த 'கருப்புப் பூஞ்சை' உண்மையில் கருப்பு இல்லை. அது ரத்தக்குழாயை அடைப்பதால் செத்துப்போன சதைதான் கருப்பு. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகித கனத்து எலும்புதான், அதைத் தாண்டிக் கண்ணுக்குப் போய்விடும். கன்னம் மரத்துப்போவது, இமை தொங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, மேலண்ணத்தில் கருப்பு: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். ஆவி பிடித்துப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு வாங்குவதையும் தயவுசெய்து விடுங்கள். சர்க்கரையை ஏற்றி, எதிர்ப்புச் சக்தியை இறக்கிவிடும்.

மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கிறவர்கள், நெல் மில்லில் தவிடு அள்ளுகிறவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டால் போதாது, மூக்கில் படிந்து நிற்கும் முகக்கவசம் போடுங்கள். மூக்கைக் கழுவுவதானால் கொதித்து ஆறிய தண்ணீர் கால் லிட்டர், அயோடின் சேராத உப்பு அரை தேக்கரண்டி. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கழுவும் பாட்டிலை ஈரத்தோடு மூடி வைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள்.